ஆங்கில முன்னிடையும் தமிழ் உருபும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆங்கிலத்தைப் பற்றிப் பேசுவதா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். வள்ளுவரைப் பற்றியும் கம்பரைப் பற்றியும் விரித்துரைக்கத் தக்க புலவர் பெருமக்கள் இம்மேடையில் அமர்ந்திருக்கின்றனர். அப்பெரும்பணியை அவர்களிடம் விடுத்து, நம் காலனி வீடுகளில் நாள்தோறும் தலைகாட்டும் ஒரு சிறு தொல்லையைப் பற்றியே யாம் பேச விழைகின்றோம். 'இன்', 'ஆன்', 'அட்', 'டு', 'பை', 'வித்', 'ஃப்ரம்' என ஆங்கிலத்தில் வழங்கும் சின்னஞ்சிறு சொற்களால் விளையும் தொல்லை அது. ஆங்கில இலக்கணத்தார் இவற்றைப் 'பிரிபொசிஷன்' என்பர். பெயர்ச்சொல்லுக்கு முன்னே நிற்பன ஆதலின் முன்னிடைச் சொற்கள் என்று நாம் தமிழிற் சொல்லலாம். ஆங்கிலத்தில் தொடங்கினாலும் முடிவில் தமிழுக்கே வந்து சேர்வோம் என்று முன்கூட்டியே உறுதி கூறுகின்றோம்.

இப்பொருளை எடுத்துக்கொள்ளத் தூண்டியது ஒரு வீட்டு நிகழ்ச்சி. கோடை விடுமுறை ஒன்றில் எம் பெயர்த்தியைச் சொந்த ஊருக்கு அழைத்துச் சென்றிருந்தோம். டில்லியிலே பிறந்து டில்லியிலே வளரும் குழந்தை அவள், வயது ஏழு. எதிர் வீட்டுத் திண்ணையில் ஒரு நாய் படுத்திருந்தது. குழந்தை எம் கையை இறுகப் பற்றிக்கொண்டு, "தாத்தா, எனக்கு நாயிலிருந்து பயமாக இருக்கிறது" என்றாள். கூடியிருந்த உறவினர் அனைவரும் நகைத்துவிட்டனர். "நாயிலிருந்து வந்தது குட்டியா, பயமா?" என்று அத்தை ஒருத்தி கேட்டாள். குழந்தைக்கு நகைப்பின் காரணம் விளங்கவில்லை. முகம் மட்டும் வாடிவிட்டது. டில்லிக்குத் திரும்பிய பின் அவளுடைய ஆங்கிலக் கட்டுரை ஏட்டைப் புரட்டினோம். 'ஐ ஆம் அஃப்ரெய்ட் ஃப்ரம் த டாக்' என்று எழுதியிருந்தாள். 'ஃப்ரம்' என்னும் சொல்லைச் சுற்றி ஆசிரியை சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். 'அஃப்ரெய்ட் ஆஃப்' என்று எழுதுவதே முறை.

ஊரில் ஒரு நகைப்பு, பள்ளியில் ஒரு சிவப்பு வட்டம். இரண்டிற்கும் மூலம் ஒன்றே. தெருவில் உடன் விளையாடும் பிள்ளைகள் இந்தியில் 'குத்தே ஸே டர் லக்தா ஹை' என்கின்றனர். 'ஸே' என்றால் 'இருந்து', 'இருந்து' என்றால் 'ஃப்ரம்' எனக் குழந்தை கணக்குப் போட்டுவிட்டாள். கணக்கு தவறியது; ஆயினும் அவள் அறிவு தவறவில்லை. தொல்காப்பியர் ஐந்தாம் வேற்றுமைக்கு உரிய பொருள்களுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்திருக்கின்றார். 'புலியின் அஞ்சினான்' என்றால் பண்டைத் தமிழில் அது குற்றமற்ற தொடர். பிற்கால வழக்கில் நாம் புலிக்கு அஞ்சுகின்றோம். நான்காம் வேற்றுமைக்கு மாறிவிட்டோம். நகைத்த அத்தைக்கு இது தெரியாது. ஆகவே, அன்பர்களே, குழந்தை தவறு செய்யும்போது முதலில் நகைக்காதிருப்போம். அத்தவறு எவ்வழியாக வந்தது என்று ஆராய்வோம். வந்த வழி தெரிந்தால் திருத்தும் வழியும் தெரியும்.

ஆங்கில முன்னிடை செய்யும் தொழிலைத் தமிழில் பெரும்பாலும் செய்வன வேற்றுமை உருபுகள். அவர்களுக்கு முன்னே நிற்பது நமக்குப் பின்னே ஒட்டுகின்றது. 'டு மதுரை' என்பர் அவர். 'மதுரைக்கு' என்போம் நாம். வேற்றுமை எட்டு என்பது நம் இலக்கணம். எழுவாயையும் விளியையும் நீக்கினால் எஞ்சுவன ஆறு. ஆங்கிலத்திலோ முன்னிடைகள் பல. ஆறு அளவைகளை வைத்துக்கொண்டு பல பண்டங்களை அளக்கப் புகுந்தால் இடர்ப்பாடு தோன்றுவது இயல்பேயாம்.

மூன்றாம் வேற்றுமையின் 'ஆல்' உருபை எடுத்துக்கொள்வோம். 'இக்கடிதம் என் மகனால் எழுதப்பட்டது' என்னுமிடத்து 'ஆல்' கருத்தாவைக் குறிக்கும், ஆங்கிலத்தில் 'பை'. 'பேனாவால் எழுதினான்' என்னுமிடத்து அது கருவி, ஆங்கிலத்தில் 'வித்'. 'காய்ச்சலால் வருந்தினான்' என்பதற்கு 'சஃபர்ட் ஃப்ரம் ஃபீவர்' என்று 'ஃப்ரம்' வரும். 'காய்ச்சலால் இறந்தான்' என்பதற்கோ 'டைட் ஆஃப் ஃபீவர்' என 'ஆஃப்' வரும். 'பொன்னால் ஆன வளையல்' என்பது 'மேட் ஆஃப் கோல்ட்'. 'அரிசியால் ஆன இட்டலி' என்பதோ 'மேட் ஃப்ரம் ரைஸ்'. இவ்விரண்டிற்கும் வேறுபாடு என்னை? வளையலைப் பார்த்தால் பொன் கண்ணுக்குத் தெரிகின்றது. இட்டலியைப் பார்த்தால் அரிசி தெரிவதில்லை. மூலப்பொருள் உருமாறாது நின்றால் 'ஆஃப்', உருமாறி மறைந்தால் 'ஃப்ரம்' என்பது பொது வழக்கு. நமது 'ஆல்' ஒன்றே செய்யும் வேலையை அங்கே நால்வர் பங்கிட்டுக்கொள்கின்றனர்.

எனினும் வியக்கத்தக்க ஒற்றுமையும் உண்டு. 'கத்தியால் நறுக்கினான்', 'தம்பியோடு வந்தான்' ஆகிய இரண்டிற்கும் ஆங்கிலத்தில் 'வித்' ஒன்றே வரும். கருவிக்கும் உடனிகழ்ச்சிக்கும் ஒரே சொல் எவ்வாறு பொருந்தும் என்று மாணவர் மயங்குவர். நன்னூலார் 'ஆல்' உருபையும் 'ஓடு' உருபையும் ஒரே வேற்றுமையில் வைத்து, கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என மூன்று பொருள்களை அதற்கு வகுத்தார் என்பதை நினைவூட்டுங்கள், மயக்கம் நீங்கும். கையில் உள்ள கத்தியும் உடன் வரும் தம்பியும் ஒருவகையில் துணைதானே!

இனி, நாம் செய்யும் பிழைகளை மூவகையாகப் பிரித்து நோக்குவோம். வேண்டாத இடத்தில் முன்னிடையைச் சேர்ப்பது ஒன்று. வேண்டிய இடத்தில் விட்டுவிடுவது ஒன்று. ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை நிறுத்துவது ஒன்று.

முதல் வகை நம் அலுவலகங்களில் மிகுதி. 'டிஸ்கஸ் அபவுட் த மேட்டர்' என்று கோப்புகளில் எழுதுகின்றோம்; 'டிஸ்கஸ் த மேட்டர்' என்பதே நிறைந்த தொடர். 'ரீச்ட் டு டெல்லி' என்கின்றோம். 'ரீச்ட் டெல்லி' என்றாற் போதும். 'எம்ஃபசைஸ்ட் ஆன் யூனிட்டி', 'ரிக்வெஸ்டட் ஃபார் லீவ்', 'ஆர்டர்ட் ஃபார் காஃபி', 'மேரீட் வித் ஹெர்', 'ரிசெம்பிள்ஸ் டு ஹிஸ் ஃபாதர்' என்பனவற்றிலும் முன்னிடை மிகை. இப்பிழை இந்தியா முழுதும் பரவியிருப்பதாற் சரியென்றே பலர் கருதிவிட்டனர். இதற்கு ஒரு காரணம் உண்டு. இச்சொற்களின் பெயர் வடிவங்கள் முன்னிடையை வேண்டுவன. 'டிஸ்கஷன் அபவுட்', 'எம்ஃபசிஸ் ஆன்', 'ரிசெம்பிளன்ஸ் டு', பெயராக வரும் 'ரிக்வெஸ்ட் ஃபார்', 'ஆர்டர் ஃபார்' எல்லாம் சரியானவையே. பெயருக்கு உரியதை வினைக்கும் பூட்டிவிடுகின்றோம்.

இதற்கு மருந்து தமிழிலேயே இருக்கின்றது. ஆங்கிலத்தில் முன்னிடை வேண்டாத இவ்வினைகளுக்கு, இரண்டாம் வேற்றுமை 'ஐ' உருபை ஏற்கும் நல்ல தமிழ் வினைகளைத் துணையாக்கி மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். 'டிஸ்கஸ்' என்பதைப் 'பற்றிப் பேசுதல்' என்று கொண்டால் 'அபவுட்' தானே வந்து ஒட்டும்; 'ஆராய்தல்' என்று கொள்ளுங்கள். 'பொருளை ஆராய்ந்தனர்' என்போமே அன்றி, 'பொருளைப் பற்றி' என்பது அங்கே வேண்டுவதில்லை. 'ரீச்' என்பதை 'வந்து சேர்தல்' என்று கொண்டால் 'டில்லிக்கு' என்ற 'கு' உருபு 'டு' என்பதை அழைத்து வரும். 'அடைதல்' என்று கொள்ளுங்கள். 'டில்லியை அடைந்தான்'. அவ்வாறே, ஒற்றுமையை வலியுறுத்தினார், விடுப்பை வேண்டினார், காப்பியை வரவழைத்தார், அவளை மணந்தார், மகன் தந்தையை ஒத்திருக்கின்றான். எல்லாம் 'ஐ' உருபு. 'ஐ' வருமிடத்து ஆங்கில முன்னிடை வாராது எனச் சிறுவருக்குச் சொல்லிக் கொடுத்தோம், எளிதிற் பற்றிக்கொண்டனர்.

'மேரீட் வித்' என்பதை ஈண்டுச் சிறப்பாகக் குறிக்க வேண்டும். தமிழில் 'அவளை மணந்தான்' என்று சொல்லும் பிள்ளை இப்பிழையைச் செய்ய இடமில்லை. இந்தியில் 'உஸ்ஸே ஷாதீ' என்னும் வழக்குண்டு. அந்த 'ஸே' தான் 'வித்' ஆகின்றது. மணவினையாயின் 'மேரீட் ஹெர்'. மணமான நிலையைக் கூறின் 'இஸ் மேரீட் டு ஹெர்'. 'வித்' எங்கும் இல்லை. இவ்விடத்தில் தமிழ் நேர்வழி காட்டுகின்றது. நம் வீட்டுப் பிள்ளை தமிழில் எண்ணத் தவறியதால் ஆங்கிலத்திலும் தவறினான் என்பதை நோக்குக.

ஆயினும் இம்மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது. 'என்டர்ட் த ரூம்' என்பதற்கு 'அறையினுட் புகுந்தான்' என்றே நாம் சொல்கின்றோம்; 'இன்டு' வந்து குறுக்கிடும். அதனைத் தனியே நினைவிற்கொள்ள வேண்டியதுதான். அன்றியும் ஓர் உடன்படிக்கையை ஏற்படுத்திக்கொள்ளுமிடத்து 'என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்' என்பதே சரி. இடத்திற் புகுந்தால் முன்னிடை இல்லை. உடன்படிக்கையிற் புகுந்தால் உண்டு.

இரண்டாம் வகைப் பிழை, வேண்டியதை விட்டுவிடுவது. 'லிஸன் மீ', 'எக்ஸ்பிளெயின் மீ த லெஸன்' என்பன நம் பிள்ளைகள் வாயில் வருவன. 'லிஸன் டு மீ', 'எக்ஸ்பிளெயின் த லெஸன் டு மீ' என்பனவே முறை. 'பாட்டைக் கேள்' என்பதில் 'ஐ' இருக்கின்றதே, நீர் சொன்ன விதி என்னாயிற்று என்று சிறுவன் ஒருவன் எம்மை மடக்கினான். நல்ல கேள்வி. முன்னிடை வேண்டாத வினையை நினைவிற்கொள்ள 'ஐ' உதவும்; 'ஐ' வருமிடமெல்லாம் முன்னிடை வேண்டா என்று திருப்பிக் கொள்ளலாகாது. சிறுவருக்குச் சொல்லிக் கொடுத்த போதே யாம் இவ்வெல்லையையும் சொல்லியிருக்க வேண்டும். 'லிஸன்' என்பது வெறுமனே கேட்பதன்று. செவியை ஒருபால் திருப்புவது. 'எனக்குச் செவிகொடு' என்று கொண்டால் 'டு' தானே வரும். 'எனக்கு விளக்கு' என்பதில் 'கு' இருக்கின்றது, அங்கும் 'டு'. 'எனக்காகக் காத்திரு' என்பதில் 'ஆக' இருக்கின்றது; 'வெயிட் ஃபார் மீ' என 'ஃபார்' வருகின்றது.

மூன்றாம் வகை, ஆள் மாறாட்டம். 'குட் இன் மேத்ஸ்' என்கின்றோம். 'கணக்கில் வல்லவன்' என்பதன் 'இல்' உருபே இங்கு 'இன்' ஆயிற்று. 'குட் அட் மேத்ஸ்' என்பது வழக்கு. 'ஆங்க்ரி ஆன் மீ' என்கின்றோம். 'என் மேல் கோபம்' என்பதன் 'மேல்' அது. 'ஆங்க்ரி வித் மீ' என்க. 'சுபீரியர் தேன்' என்பதும் பெருவழக்கு. 'சுபீரியர்', 'இன்ஃபீரியர்', 'சீனியர்', 'ஜூனியர்' ஆகியன இலத்தீனிலிருந்து வந்த ஒப்புச் சொற்கள்; இவை 'தேன்' என்பதை ஏலா, 'டு' என்பதையே ஏற்கும். 'ப்ரிஃபர்' என்பதும் அவ்வாறே. 'காப்பியினும் தேநீரை விரும்புகின்றேன்' என்பதற்கு 'ப்ரிஃபர் டீ டு காஃபி' என்க. காப்பியைப் பழித்துரைத்தமைக்குத் தஞ்சாவூர் அன்பர்கள் எம்மைப் பொறுத்தருள்க!

ஒரே வினை, முன்னிடை மாறின் பொருளும் மாறுவதுண்டு. 'லுக் அட்' என்றால் நோக்குதல். 'லுக் ஃபார்' என்றால் தேடுதல். 'லுக் ஆஃப்டர்' என்றால் பேணுதல். 'லுக் இன்டு' என்றால் துருவி ஆராய்தல். 'அம்மாவை லுக் ஃபார் செய்கின்றேன்' என்னும் பிள்ளைக்கும் 'லுக் ஆஃப்டர் செய்கின்றேன்' என்னும் பிள்ளைக்கும் எவ்வளவு வேற்றுமை! முன்னவன் தாயைத் தொலைத்தவன். பின்னவன் தாயைக் காப்பவன். தமிழிலும் 'அவனோடு பேசினான்' என்பது வேறு. 'அவனுக்காகப் பேசினான்' என்பது வேறு. இது நமக்குப் புதிதன்று.

அடுத்து இடமும் காலமும். நமது 'இல்' உருபு எங்கும் செல்லும். மேசையில், அறையில், டில்லியில், திங்கட்கிழமையில், ஆகஸ்டு மாதத்தில். ஆங்கிலம் இதனை மூன்றாகப் பிரிக்கும். புள்ளி போன்ற இடத்திற்கு 'அட்'. பரப்பின் மீது 'ஆன்'. சூழ்ந்து அடக்கும் இடத்திற்கு 'இன்'. பேருந்து நிறுத்தத்தில் 'அட்', மேசை மீது 'ஆன்', அறையிலும் டில்லியிலும் 'இன்'. காலத்திற்கும் இதுவே அளவு. ஐந்து மணி என்பது புள்ளி, 'அட் ஃபைவ்'. திங்கட்கிழமை என்பது நாள், 'ஆன் மண்டே'. ஆகஸ்டு என்பதும் 1947 என்பதும் பல நாள்களை உள்ளடக்கியவை. 'இன் ஆகஸ்ட்', 'இன் 1947'. 15-8-1947 என நாளைக் குறித்தால் மீண்டும் 'ஆன்'. 'லாஸ்ட்', 'நெக்ஸ்ட்', 'திஸ்', 'எவ்ரி' என்பன முன்வந்தால் முன்னிடையே வேண்டா. 'லாஸ்ட் சண்டே' என்க, 'ஆன் லாஸ்ட் சண்டே' என்னற்க. ஊர்திகளில் மட்டும் ஒரு புதுமை. எழுந்து நின்று நடமாடத்தக்க இரயில், பேருந்து, கப்பல், விமானம் ஆகியவற்றிற்கு 'ஆன்'. குனிந்து புகுந்து அமரும் கார், ஆட்டோ ஆகியவற்றிற்கு 'இன்'. ஆகவே கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசில் நாம் வந்தது 'ஆன் த ட்ரெயின்'; நிலையத்திலிருந்து வீட்டிற்கு வந்தது 'இன் அன் ஆட்டோ'.

'நேற்றிலிருந்து காய்ச்சல்' என்பதை 'ஃப்ரம் எஸ்டர்டே' என்று விடுப்புக் கடிதங்களில் எழுதுகின்றோம். தொடங்கிய நாளைக் கூறின் 'சின்ஸ்', கழிந்த கால அளவைக் கூறின் 'ஃபார்'. 'ஐ ஹேவ் பீன் இல் சின்ஸ் மண்டே', 'ஃபார் த்ரீ டேஸ்' என்க. 'இரண்டு நாளில் முடிப்பேன்' என்பதும் கவனிக்கத் தக்கது. 'வித்தின் டூ டேஸ்' என்றால் இரண்டு நாள் கழிவதற்கு முன். 'ஐ ஷல் கம் இன் டூ டேஸ்' என்றால் இரண்டு நாள் கழிந்தபின்.

விடுப்புக் கடிதம் என்றதும் எமது சொந்தக் கதை ஒன்று நினைவிற்கு வருகின்றது. பல்லாண்டுகளுக்கு முன், யாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊரில் அன்னையார் நோயுற்றிருப்பதாகச் செய்தி வந்தது. மாதம் ஒன்பதாம் நாள் மாலை. அவசர அவசரமாக ஒரு விண்ணப்பம் எழுதி மேலதிகாரியின் மேசை மேல் வைத்துவிட்டு இரவே வண்டியேறினோம். 'இருபதாம் நாள் வரை ஊரில் இருப்பேன்' என்பது எமது கருத்து. எழுதியதோ 'ஐ ஷல் பி இன் மை நேட்டிவ் பிளேஸ் பை த ட்வென்டியத்' என்பது. இதற்குப் பொருள், 'இருபதாம் நாளுக்குள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பேன்' என்பதே. மேலதிகாரி எழுதியதை எழுதியவாறே படித்தார். விடுப்பு இருபதாம் நாளை ஒட்டித்தான் தொடங்கும் போலும் என்று கொண்டார். யாம் இருபத்தொன்றாம் நாள் திரும்பி வந்தபோது, பத்தாம் நாள் முதல் இருபதாம் நாள் வரை அனுமதியின்றி வாராதவர் என்று பதிந்திருந்தது. பதினொரு நாட் சம்பளம் பிடிக்கப்பட்டது. அன்னையாரின் மருந்துக்குக் கடன் வாங்கிய மாதம் அது. 'பை' என்னும் ஓரெழுத்துச் சொல் எமது பையையே வெறுமையாக்கிற்று. அவரைக் குறை கூறுவதற்கில்லை. குறை எமது எழுத்திலேதான். செயல் இடையறாது நீளுமாயின் 'வரை', அதாவது 'டில்'. அந்நேரத்திற்குள் ஒருமுறை முடியுமாயின் 'உள்', அதாவது 'பை'. இதனை அன்றே கற்றோம். விலை கொடுத்துக் கற்றதால் மறக்கவில்லை.

இவ்வளவையும் கேட்ட பின், ஆங்கிலேயர்க்கு இவை எவ்வாறு தெரிகின்றன என்று வினவலாம். விதியாற் கற்றவர் அல்லர், வழக்காற் கற்றவர். அவர்களுக்குள்ளும் வேற்றுமை உண்டு. 'அட் த வீக்கெண்ட்' என்பர் பிரிட்டனில். 'ஆன் த வீக்கெண்ட்' என்பர் அமெரிக்காவில். 'டிஃபரன்ட் ஃப்ரம்' என்பதை இருசாராரும் ஏற்பர். 'டிஃபரன்ட் டு' என்பது பிரிட்டனிலும், 'டிஃபரன்ட் தேன்' என்பது அமெரிக்காவிலும் வழங்குகின்றன. நாம் 'ஃப்ரம்' என்பதைப் பற்றிக்கொண்டால் எங்கும் பழுதில்லை. முன்னிடையில் ஒரு வாக்கியத்தை முடிக்கலாகாது என்று சில ஆசிரியர்கள் கண்டிப்பதுண்டு. டிரைடன் என்னும் கவிஞர் 1672-இல், தமக்கு முற்பட்ட நாடகாசிரியர் பென் ஜான்சனிடம் இதனைக் குற்றமாக எடுத்துக் காட்டினார். ஃபௌலர் என்னும் அறிஞர் 1926-இல் வெளியிட்ட ஆங்கில வழக்கு அகராதியில், இது வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கினார். நமக்கு இதில் ஐயம் எழ வேண்டியதே இல்லை. இந்நகரில் நம்மைச் சந்திப்போர் முதலிற் கேட்கும் கேள்வி 'வேர் ஆர் யு ஃப்ரம்?' என்பதன்றோ? அது முன்னிடையில்தான் முடிகின்றது.

இனி வீட்டில் நாம் செய்யத் தக்கவை யாவை? முன்னிடைகளைத் தனியே பட்டியலிட்டு மனப்பாடம் செய்விப்பதாற் பயன் சிறிதே. வினையையும் அதற்குரிய முன்னிடையையும் ஒரே சொல்லாகக் கருதிப் பதியச் செய்க. 'லிஸன்' என்று தனியே எழுத வேண்டா. 'லிஸன் டு' என்று எழுதுக. 'டிஸ்கஸ்' என்பதன் எதிரே வெறுமையாக ஒரு கோடு இடுக. இங்கே ஒன்றும் வாராது என்பதும் கற்க வேண்டிய பாடமே. ஒவ்வொன்றின் கீழும் பிள்ளை தன் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுதட்டும். அதன் எதிரே அதே கருத்தைத் தமிழிலும் எழுதி, உருபின் அடியிற் கோடிடட்டும். நாளுக்கு இரண்டு போதும். நாளிதழில் ஒரு பத்தியை உரக்கப் படிக்கச் செய்வதும் நன்று; இச்சொற்களை மூளையினும் செவியே விரைந்து பற்றுகின்றது. 'ரென் அண்டு மார்ட்டின்' புத்தகத்தைப் படிக்கட்டும். அதனோடு தமிழ் வேற்றுமைகளையும் நம் வாயிலாக அறியட்டும். எட்டு வேற்றுமையையும் பொருளறிந்து கற்ற பிள்ளை, ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லோடு எவ்வுறவு கொண்டுள்ளது என்று வினவப் பழகுகின்றது. அவ்வினாவே எம்மொழிக்கும் திறவுகோல்.

தாய்மார்கள் சிலர், "இந்தியும் ஆங்கிலமும் படித்துக் களைத்து வரும் குழந்தைக்குத் தமிழும் சுமையாகுமே" என்று எம்மிடம் கூறியதுண்டு. அவர்கள் இரக்கம் எமக்கு விளங்குகின்றது. எனினும் ஒன்று சொல்வோம். மூன்று மொழிகளுக்கிடையே வளரும் குழந்தைக்கு ஊன்றி நிற்க ஓரிடம் வேண்டும். 'அவளை மணந்தான்' என்று நெஞ்சில் எழுந்தால் ஆங்கிலம் தானே நேராகும் எனக் கண்டோம். தமிழும் ஆங்கிலமும் இரண்டும் அரைகுறையாக நின்றால், குழந்தை ஊரிலும் நகைப்புக்கு இடமாவாள், பள்ளியிலும் சிவப்பு வட்டம் பெறுவாள்.

எம் பெயர்த்தியின் கதையை முடித்துவிடுகின்றோம். அவளை மடியில் இருத்தி, நாய்க்கு அஞ்சுவதும் 'அஃப்ரெய்ட் ஆஃப்' என்பதும் குத்தே 'ஸே' என்பதும் மூன்று வீட்டு வழக்கங்கள் என்று கூறினோம். ஒரு வீட்டில் செருப்பை வாயிலில் விடுவர். மற்றொரு வீட்டில் உள்ளே கொண்டுவருவர். நாம் செல்லும் வீட்டின் வழக்கப்படி நடக்க வேண்டும், அவ்வளவே என்றோம். அவள் சற்றுச் சிந்தித்து, "அப்படியானால் நான் சொன்னது தப்பு இல்லை, வீடுதான் மாறிவிட்டது" என்றாள். இலக்கணம் அறிந்த பெரியோர்கள் இங்கு இருக்கின்றனர்; இதனினும் நன்றாக எம்மாற் சொல்ல இயலவில்லை.

இறுதியாக ஒன்று. 'இன்' என்னும் ஒலி இருமொழிக்கும் பொது. ஆங்கிலத்தில் அது உள்ளிருத்தலைக் குறிக்கும்; 'இன் டெல்லி'. தமிழில் அது ஐந்தாம் வேற்றுமை உருபு, நீங்கலைக் குறிக்கும், 'ஊரின் நீங்கினான்'. நாம் டில்லியில் இருக்கின்றோம். ஊரின் நீங்கி வந்திருக்கின்றோம். 'வேர் ஆர் யு ஃப்ரம்?' என்று கேட்போர்க்கு நம் குழந்தைகள் இரண்டு 'இன்'னையும் மயங்காது உணர்ந்து, தடுமாறாது விடை கூற வேண்டும். அதற்கு ஆங்கிலத்தைப் பிழையறக் கற்பிப்போம். தமிழை அதற்கு முன்னே கற்பிப்போம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!